அடங்கிப்போன புள்ளிப்பலகை

ஓட்மார் ஷ்வேபல் பேருந்தில் ஏறும்போதே கத்திக்கொண்டுதான் ஏறினார். காது கேட்காத மனிதர். தன் குரல் எவ்வளவு தூரம் போகிறதென்று அவருக்குத் தெரியாது. கண்ணும் கிடையாது. வெள்ளைக்கோலால் படியைத் தடவிப் பார்த்து ஏறி, ஓட்டுநர் இருக்கும் பக்கம் இடது கையை விரித்து நீட்டினார். அவரோடு பேச வேண்டுமென்றால் அந்தக் கையில்தான் எழுத வேண்டும். உள்ளங்கைதான் பலகை. ஒவ்வொரு விரல் நுனிக்கும் ஓர் எழுத்து. நடுவில் ஒரு கோடு இழுத்தால் வேறோர் எழுத்து. நாலு விரலால் மத்தளம் மாதிரித் தட்டினால் இன்னொன்று.

அன்று வண்டியை ஓட்டியது ஹார்ட்மூட். கையைப் பிடித்துத் தன் பெயரைத் தட்டினான்.

"நீதானா! நல்லதாப் போச்சு. உன் பொண்டாட்டி வீட்ல இருக்காளா? அவகிட்டதான் போறேன். அவ புரோகிராம் செத்துப்போச்சு. நானும் அதோட சேர்ந்து செத்துட்டேன்னு அவகிட்டச் சொல்லு!"

மார்பூர்க் ஊரில் வெள்ளைக்கோல் பிடித்தவர்கள் பேருந்து ஓட்டுநரோடு சண்டை போடுவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனாலும் வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குழந்தை வண்டியோடு நின்ற ஒரு பெண் பதறிப்போய்க் கேட்டாள்.

"யாருங்க செத்தா?"

"யாரும் சாகல. கம்ப்யூட்டர் அப்டேட்."

"ஐயோ, அது சாவை விட மோசமாச்சே" என்றாள் அவள்.

ஹார்ட்மூட் அடுத்த நிறுத்தத்தில் வீட்டுக்குப் போன் போட்டான். அவன் மனைவி ரோஸ்விதா கோலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து நின்றாள். அவளுக்கும் ஒன்பது வயதிலிருந்து பார்வை கிடையாது. ஓட்மாரின் கையைத் தேடிப் பிடித்து உள்ளங்கையில் விரல்களால் மத்தளம் தட்டினாள். அது அவள் பெயரின் முதல் எழுத்து. அவருக்கு அது போதும்.

"வந்துட்டியா. குருடனுக்குக் குருடி வழிகாட்டி. படி எங்க?"

ரோஸ்விதா டோர்பெக்கர் சிறுவயதில் இந்த ஊருக்குப் பார்வையற்றோர் பள்ளியில் படிக்க வந்தவள். அப்படி வந்த பலரைப் போல அவளும் ஊரை விட்டுப் போகவில்லை. பகலில் வரி அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை. மிச்சமிருக்கும் பொழுதெல்லாம் ஸ்டுப்ஸ்.

ஸ்டுப்ஸ் என்பது அவள் எழுதிய மென்பொருள். விசைப்பலகைக்குக் கீழே வைக்கிற ஒரு புள்ளிப்பலகை உண்டு. திரையில் என்ன எழுத்து ஓடுகிறதோ, அது அந்தப் பலகையில் ஒரு வரியாகப் பிரெயில் புள்ளிகளாக எழும்பும், அடங்கும், மறுபடி எழும்பும். விரலால் தடவிப் படித்துக்கொள்ளலாம். கணினிக்கும் பலகைக்கும் நடுவில் நின்று பேசுவதுதான் ஸ்டுப்ஸின் வேலை. பலகை செய்கிற கம்பெனிகள் ஆளுக்கொரு மொழி வைத்திருக்கும். கணினிகளோ லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று மூன்று குணம். எந்தப் பலகையையும் எந்தக் கணினியிலும் செருகினால் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் அவள் இதைத் தொடங்கினாள். தொடங்கச் சொன்னதே ஓட்மார்தான். அப்போது அவர் தொலைபேசி நிலையத்தில் இருந்தார். காது மெல்ல மெல்ல மங்கிக்கொண்டிருந்தது. "காது போறதுக்குள்ள எனக்கு ஒரு வழி பண்ணிக்குடு" என்று அவளிடம் வந்து நின்றார். அவருக்காக எழுதியது, இலவசமாகப் போட்டு வைத்ததால் எங்கெங்கோ போய்விட்டது. பிரேசிலில் இருக்கிறார்கள், கொரியாவில் இருக்கிறார்கள். காது கேட்கிறவர்களுக்குக் கணினியே வாசித்துச் சொல்லும். ஓட்மார் மாதிரி ஆட்களுக்கு அந்தப் புள்ளிகளை விட்டால் வேறு வாசல் இல்லை.

சமையலறை மேசையில் ஓட்மாரின் பையைத் திறந்து மடிக்கணினியையும் பலகையையும் வைத்தார்கள். ரோஸ்விதா செருகிவிட்டுப் பலகையின் மேல் விரலை ஓட்டினாள். ஒரு புள்ளி எழும்பவில்லை. வழுக்கைத் தலையைத் தடவுகிற மாதிரி இருந்தது.

அவர் கையில் எழுதினாள். உள்ளங்கையில் எழுதும்போது மரியாதைப் பன்மைக்கெல்லாம் நேரம் இருப்பதில்லை.

"எப்பலேர்ந்து?"

"ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. புதுப் பதிப்பு வந்திருக்கு, போட்டுக்கவான்னு கேட்டுது. சரின்னு அமுக்குனேன். திரும்பத் தொடங்குச்சு. அவ்வளவுதான்."

"யார்கிட்டயாவது சொல்லி அனுப்பக்கூடாதா?"

"எது வழியா அனுப்பணும்? போன்லயா? எழுதித்தான் பார்த்தேன். அது எங்க போச்சு, திரையில என்ன வந்துச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்? உதவிக்கு வர்ற பொண்ணு லீவுல ஸ்பெயின் போயிடுச்சு. பதிலுக்கு வந்ததுக்குக் கையில எழுதத் தெரியல. ரொட்டியை வெச்சுது, வெண்ணெயை வெச்சுது, தோள்ல ரெண்டு தட்டு தட்டிட்டுப் போயிடுச்சு. நாயைத் தட்டுற மாதிரி."

 என்ன நடந்திருக்கும் என்பது ரோஸ்விதாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

விஷயம் குளிர்காலத்திலேயே தொடங்கியிருந்தது. கணினியில் செருகும் ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு. ஓட்மாரின் பலகையைச் செய்த சிறிய கம்பெனி எப்போதோ மூடிப்போனது. தனக்கென்று ஓர் எண் வாங்காமல், கடையில் கிடைத்த பொதுவான மின்சில்லை, அதாவது சிப்பைப் போட்டு, சில்லோடு வந்த எண்ணையே வைத்துவிட்டது. அதே சில்லு, அதே எண், மலிவான சின்னச் சின்ன மின்பலகைகளிலும் லட்சக்கணக்கில் வந்துவிட்டது. வீட்டில் எதையாவது பொருத்திப் பார்க்கிறவர்கள் வாங்குகிற பலகைகள் அவை. ஸ்டுப்ஸுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அந்த எண்ணைக் கண்டால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும். அதன் பிறகு சொந்தக்காரரால் தன் மின்பலகையைத் தொட முடியாது.

புகார்கள் குவிந்தன. ரோஸ்விதாவின் கணினி அவற்றையெல்லாம் ஏற்ற இறக்கமில்லாத ஒரே குரலில் வாசித்துக் காட்டியது. "ஸ்டுப்ஸ்னு ஒரு சனியன் இருக்கு, அழிச்சுடு, சரியாயிடும்." "இது எதுக்கு என் கம்ப்யூட்டர்ல இருக்கு? நான் என்ன குருடனா?" போர்ச்சுக்கலில் தேனீ வளர்க்கும் தெயோலிந்தா என்ற பெண் மட்டும் மரியாதையாக எழுதியிருந்தாள். தேன்கூட்டின் எடையைக் கணினிக்கு அனுப்ப, அப்படியொரு மின்பலகை பொருத்திய தராசு வைத்திருக்கிறாளாம். சில நாளாக எடையே வரவில்லையாம். என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாள். நடுவில் வந்த வசவுகளில் ரோஸ்விதா அந்தக் கடிதத்துக்குப் பதில் போடவே மறந்துபோனாள்.

ஓட்மார் பயன்படுத்துகிற லினக்ஸ் தொகுப்பில் ஸ்டுப்ஸைச் சேர்த்து வைப்பவர் போலந்துக்காரர், விதோல்ட். அவரும் சம்பளமில்லாமல் செய்கிறவர்தான். புகார் தாங்காமல் ஸ்டுப்ஸில் அந்த எண் இருந்த வரியை எடுத்துவிட்டார். ரோஸ்விதா சண்டை போட்டாள். "அடுத்த பதிப்புக்குள்ள ஒரு வழி கண்டுபிடிப்போம்" என்றார். அடுத்த பதிப்பு வந்துவிட்டது. வழி வரவில்லை.

எடுத்த வரியைத் திரும்பப் போட்டால் முடிந்தது என்று நினைத்துத்தான் ரோஸ்விதா உட்கார்ந்தாள். போட்டாள். புள்ளி எழும்பவில்லை. ஸ்டுப்ஸ் எழுந்து வருவதற்குள் கணினியின் அடிப்படை மென்பொருளே பலகையைப் பிடித்து வேறு எதற்கோ ஒதுக்கிவிடுகிறது என்று கண்டுபிடிக்கவே மதியமாகிவிட்டது. காப்பி ஆறிப்போனது. ஓட்மார் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வீடே அதிரக் கேட்டார்.

"ஆச்சா?"

அவள் கையில் தட்டினாள். "இல்ல."

"ஆச்சா?"

"இல்லய்யா!"

கையில் வேகமாக எழுதினால் அவருக்கு வலிக்கும். வலிக்கட்டும் என்றுதான் எழுதினாள்.

கடைசியில் புள்ளிகள் எழும்பின. ஒரு வரி முழுக்கக் கடகடவென்று எழும்பிய சத்தம் அவளுக்குக் கேட்டது. அவர் கையைப் பிடித்துப் பலகையின் மேல் வைத்தாள். ஓட்மார் வாயை மூடிக்கொண்டார். விரல் ஓடத் தொடங்கியது. மின்னஞ்சலில் வந்து கிடந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அண்ணன் மகள், மருந்துக்கடை, பார்வையற்றோர் சங்கம். திடீரென்று மேசையில் குத்தினார்.

"தோத்துட்டேனாம்!"

"என்னது?"

"சதுரங்கம்! கீஸன் ஊர்க்காரனோட ஒரு வருஷமா கடிதத்துல ஆடிக்கிட்டிருக்கேன். நேரம் முடிஞ்சுதாம், நான் காய் நகர்த்தலையாம், அவன் ஜெயிச்சுட்டானாம். என் யானை அவன் வாசல்லயே நின்னுக்கிட்டிருந்துச்சு ரோஸ்விதா! இன்னும் ரெண்டே நகர்த்தல்!"

"எழுதிக் கேளு. நிலைமையைச் சொல்லு."

"கேப்பேன், கேப்பேன்." கொஞ்ச நேரம் பலகையின் மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு குரல் தாழ்ந்தது. எவ்வளவு தாழ்ந்தது என்பதும் அவருக்குத் தெரியாது. அவள் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "அந்த ஒரு வாரம் நான் எங்க இருந்தேன்னு தெரியுமா உனக்கு? நாற்காலியில இருந்தேன். நாற்காலிய விட்டா உலகத்துல வேற ஒண்ணுமே இல்ல."

மறுநாள் மதிய இடைவேளையில் ரோஸ்விதா விதோல்டுக்குப் போன் செய்தாள்.

"நான் உங்களுக்கு எதிரி இல்லீங்க" என்றுதான் அவர் தொடங்கினார்.

"எதிரியா இருந்தாத் தேவலையே. திட்டிட்டுப் போயிடலாம். நல்ல மனுஷனா இருந்துகிட்டு இப்படிச் செய்யறீங்க, அதுதான் தாங்கல."

"அந்தப் பக்கம் ஆயிரக்கணக்குல புகார் வருது. நம்ம பக்கம் எத்தனை பேருக்கு நின்னுபோச்சு? ஏதாவது கணக்கு இருக்கா உங்ககிட்ட?"

"ஒருத்தர் நேத்து என் சமையலறையில உக்காந்திருந்தாரு."

"ஒருத்தரா?"

"புள்ளி எழும்பாதவரு புகார் எப்படி எழுதுவாரு விதோல்ட்? வாயைக் கட்டிப் போட்டுட்டு, யாரும் கத்தலையேங்கிறீங்க."

அந்தப் பக்கம் பின்னால் ஒரு குழந்தை அழுதது.

"நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா அந்த வரியை அப்படியே திரும்பப் போட்டேன்னா நாளைக்கே அத்தனை பேர் கருவியும் மறுபடி நின்னுடும். அவங்க பக்கமும் நியாயம் இருக்கு இல்லையா? செருகினது என்ன கருவின்னு தெரிஞ்சுக்க ஒரு வழி கொண்டாங்க. சத்தியமாச் சேர்த்துக்கறேன்."

ரோஸ்விதா போனை வைத்துவிட்டுப் பாதி ரொட்டியைக் குப்பையில் போட்டாள். அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

வழி ஒன்றுதான். கருவியிடமே "நீ யார்" என்று கேட்க வேண்டும். புள்ளிப்பலகையாக இருந்தால் தன் பெயரைச் சொல்லும். வேறு ஏதாவது என்றால் சும்மா இருக்கும், விட்டுவிடலாம். அந்த வாரக் கடைசிக்குள் எழுதி, சோதனைப் பதிப்பாக வெளியிட்டாள். அதோடு, தாமதமாகத்தான் என்றாலும், தெயோலிந்தாவுக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் போட்டு, இதைப் போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

தெயோலிந்தா உடனே பதில் எழுதினாள். "உங்க புரோகிராம் இப்ப என் தராசைப் பிடிச்சு வெச்சுக்கல, சந்தோஷம். ஆனா கதவைத் தட்டிட்டுப் போகுது. தட்டுனதும் தராசு திடுக்குன்னு முழிச்சு, எல்லாத்தையும் மறந்துட்டு முதல்லேர்ந்து தொடங்குது."

அந்த மலிவான மின்பலகைகளின் குணமே அதுதான். இணைப்பைத் திறந்தாலே போதும், பலகை முதலிலிருந்து தொடங்கும். யார் என்று கேட்க வேண்டுமானால் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். தட்டினால் உள்ளே இருக்கிறவர் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்.

அன்று ரோஸ்விதா சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டே கெட்ட வார்த்தையாகக் கொட்டினாள். ஹார்ட்மூட் துடைக்கும் துணியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"கையிலயும் இதையெல்லாம் எழுத வருமா ரோசி?"

"ஓட்மாரைக் கேளு. அவர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்ததே."

தெயோலிந்தாவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. "ஒரு கூட்டுல தேனீயெல்லாம் போன குளிர்ல செத்துப்போச்சு. தராசு மட்டும் சும்மா கிடக்கு. அதை இன்டர்நெட் வழியா உங்களுக்குத் திறந்து விடறேன். எவ்வளவு வேணும்னாலும் தட்டிப் பாருங்க."

அதன் பிறகு மார்பூர்க்கில் உட்கார்ந்துகொண்டு ரோஸ்விதா போர்ச்சுக்கலில் ஒரு காலிக் கூட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவாள், தெயோலிந்தா "முழிச்சுடுச்சு" என்று எழுதுவாள். வேறு மாதிரித் தட்டுவாள், "முழிச்சுடுச்சு." பல நாள் இப்படிப் போனது. கடைசியில், இணைப்பைத் திறப்பதற்கு முன்பே ஒரு கம்பியின் மின்னோட்டத்தை அடக்கி வைத்துவிட்டுத் திறந்தால் தராசு அசையாமல் இருந்தது. "தூங்குது!" என்று தெயோலிந்தா எழுதியதை ரோஸ்விதாவின் கணினி வழக்கமான செத்த குரலில் வாசித்தது. அவள் எழுந்து நின்று கையைத் தட்டினாள்.

அந்த மகிழ்ச்சி லினக்ஸோடு சரி. விண்டோஸில் அதே வித்தை பலிக்கவில்லை. அங்கே ஓர் இணைப்பை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் அவள் கணினியில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் அவள் புள்ளிப்பலகையைப் பிடித்து வைத்திருந்தது. சோதனைக்காகப் போட்டிருந்த ஸ்டுப்ஸ் "எனக்குக் கொடு, எனக்குக் கொடு" என்று விடாமல் கேட்டுக்கொண்டேயிருந்தது. ஒரு கூட்டத்தின் நடுவில், அவள் குறிப்புகளை விரலால் படித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும்போதே புள்ளிகள் மொத்தமாக அடங்கிவிட்டன.

"சொல்லுங்க, நிறுத்திட்டீங்களே" என்றார் மேலதிகாரி.

"குறிப்பு போயிடுச்சு."

"நீங்க எழுதுன புரோகிராம்தானே?" என்று யாரோ சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனாலும் அன்று முழுக்க அவளுக்கு அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது.

வீட்டில் மேக் இருந்தது, ஹார்ட்மூட்டின் தங்கையிடம் கடன் வாங்கியது. அதில் பலகையைச் செருகினால் ஒன்றுமே நடக்கவில்லை. புள்ளியும் இல்லை, குரலும் இல்லை. ரோஸ்விதா முழு ஞாயிற்றுக்கிழமையும் தன் நிரலில் தப்பைத் தேடினாள். சாயந்தரம் ஹார்ட்மூட் வந்து பின்னால் நின்றான்.

"இதுக்கு என்ன பதில் சொல்லப் போற?"

"எதுக்கு?"

"திரையில கேட்டுக்கிட்டு நிக்குதே. இந்தக் கருவியை அனுமதிக்கவா, ஆமா, இல்லைன்னு."

ரோஸ்விதா மெதுவாகத் திரும்பினாள்.

"காலையிலேர்ந்து அங்க நிக்குதா அது?"

"எனக்கென்ன தெரியும், நான் இப்பத்தான் பார்த்தேன்."

"திரையைப் பார்க்க முடியாதவங்க செருகுற கருவி ஹார்ட்மூட். அதை அனுமதிக்கவான்னு திரையில கேக்குது!"

"என்னை ஏன் திட்டுற? நானா கேட்டேன்?"

"நீ காலையிலயே இந்தப் பக்கம் வந்திருக்கலாம்."

"காலையில நான் வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன். மத்தியானம் வந்தப்ப, பேசாதேன்னு கையைக் காட்டுன. இப்ப வரலைன்னு திட்டுற." அவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். பிறகு, "ஆமான்னு அமுக்கிட்டேன். பாரு" என்றான்.

புள்ளிகள் எழும்பின. அவள் தொடவில்லை. ஓட்மார் மாதிரி தனியாக இருக்கிறவர் வீட்டில் யார் வந்து அமுக்குவார்கள்? நல்ல வேளை, ஓட்மாரிடம் இருப்பது லினக்ஸ். ஆனால் அவரைப் போன்ற இன்னொருவரிடம் இது இருக்கும். அவர் யாரென்று அவளுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அவரால் எழுதவும் முடியாது.

இதற்கிடையில் ஓட்மாரே களத்தில் இறங்கினார். விதோல்டின் குழு புகார்களை வாங்கும் இடத்துக்கு நீளமாக ஒன்றை எழுதி அனுப்பினார். அதில் கீஸன்காரன், யானை, வெண்ணெய், தோளில் தட்டிய பெண் எல்லாரும் வந்தார்கள். "ஏற்கனவே வந்த புகார்" என்று அதை ஒரு தானியங்கி மூடிவிட்டது. அவர் மறுபடி திறந்தார். அது மறுபடி மூடியது.

"யாருடா அவன், கதவைச் சாத்திக்கிட்டே இருக்கான்?" என்று ரோஸ்விதாவிடம் வந்து கேட்டார்.

"ஆள் இல்ல. மெஷின்."

"மெஷினா? மெஷினுக்கு இவ்வளவு திமிரா?"

சதுரங்கச் சங்கமும் பதில் அனுப்பியிருந்தது. வருந்துகிறார்களாம், விதி விதிதானாம், ஆட்டம் முடிந்தது முடிந்ததாம். ஓட்மார் அதை இரண்டு முறை படித்துக் காட்டினார். மூன்றாம் முறை படிக்கத் தொடங்கியபோது ரோஸ்விதா அவர் கையைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டாள்.

அடுத்த வசந்தத்தில் அவள் விதோல்டுக்கு முழு வேலையையும் அனுப்பினாள். மெல்லத் தட்டுகிற வித்தை ஒன்று. இன்னொன்று, இந்தக் கணினியில் ஏற்கனவே ஒருவர் புள்ளிப்பலகை வைத்திருந்தார் என்றால், புதுப் பதிப்பு வந்த பிறகும் அதை மறக்கக் கூடாது என்பது. விதோல்ட் ஒரு வாரம் சோதித்தார். அவர் சோதித்த கருவிகளில் ஒன்றுகூட முழிக்கவில்லை. போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

"சேர்த்துட்டேன். இனி அப்டேட்ல யாருக்கும் நிக்காது."

"புதுசா கம்ப்யூட்டர் வாங்குறவங்களுக்கு?"

"அவங்க ஆரம்பத்துல மூணு விசையைச் சேர்த்து அமுக்கணும். ஸ்டுப்ஸ் கிளம்பிடும். சரியா அமுக்கிட்டாங்கன்னா ஒரு மணி அடிக்கும்."

"மணியா?"

"ஆமா, சின்னதா ஒரு..." விதோல்ட் அங்கேயே நின்றுவிட்டார்.

"அந்த மணி யாருக்கு அடிக்குது விதோல்ட்?"

 "எனக்குத் தோணவே இல்ல. வெக்கமா இருக்கு. ஆனா இந்தப் பதிப்பைப் பூட்டியாச்சு, இனி ஒரு வரி மாத்த முடியாது. அடுத்த பதிப்புல..."

"அடுத்த பதிப்பு" என்றாள் ரோஸ்விதா. போனை வைத்துவிட்டாள்.

பதிப்பு வெளியானது. மாற்றங்களைச் சொல்லும் அறிவிப்பில் அவளுடைய மாதக்கணக்கான வேலை "மேலும் சில சிறு திருத்தங்கள்" என்பதற்குள் போய்விட்டிருந்தது. ஹார்ட்மூட் அதை வாசித்துக் காட்டிவிட்டு, அவள் ஏதாவது எறிவாளோ என்று மேசையில் இருந்த கோப்பையை நகர்த்தி வைத்தான்.

ஓட்மார் புதுப் பதிப்பைத் தன் வீட்டில் போட மறுத்துவிட்டார். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ரோஸ்விதாவின் சமையலறைக்கே வந்தார். போடவா என்று புள்ளிகள் கேட்டன. அவர் விரல் அந்தக் கேள்வியின் மேலேயே நின்றது.

"நின்னுடுச்சுன்னா?"

"நான் இங்கதானே இருக்கேன்" என்று எழுதினாள்.

"போன தடவையும் நீ இந்த ஊர்லதான் இருந்த."

 அவர் ஆமென்று அமுக்கினார். வரி அடங்கியது. இரண்டு பேரும் வெற்றுப் பலகையின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரோஸ்விதாவுக்காவது கணினியின் விசிறிச் சத்தம் கேட்டது. ஓட்மார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகிக்கொண்டே போனது. அவளும் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. எழுதியவளே அவள்தான், ஆனாலும்.

புள்ளிகள் எழும்பின. பெயரைக் கேட்டன. ஓட்மார் தன் பெயரைத் தட்டினார், கடவுச்சொல்லைத் தட்டினார், உள்ளே போனார். அவளுடைய மணிக்கட்டை விட்டார். கடிதங்களைத் திறந்தார், மூடினார், மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். ரோஸ்விதா காத்திருந்தாள்.

"முன்ன இருந்த வேகம் இல்லையே" என்றார்.

ரோஸ்விதா சிரித்துவிட்டாள். அதை அவர் கையில் எழுதவில்லை. பெரிய வியாழன் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹார்ட்மூட் அந்த நாள் சாந்துக்கென்றே உள்ள ஏழு மூலிகையும் வாங்கி வந்து தயிரில் அரைத்து வைத்திருந்தான். மூன்று பேரும் வேகவைத்த உருளைக்கிழங்கையும் முட்டையையும் அந்தப் பச்சைச் சாந்தில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். உப்பு போதாது என்று ஓட்மார் ஊர் கேட்கச் சொன்னார். கீஸன்காரனோடு இனி ஆடுவதில்லையாம். ஐஸ்லாந்தில் ஒருவரைப் பிடித்திருக்கிறாராம், அங்கே ஆட்கள் நிதானமாக ஆடுவார்களாம்.

அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்ததும் ரோஸ்விதா கணினி முன்னால் உட்கார்ந்தாள். மணிக்குப் பதிலாகப் பலகையின் புள்ளிகளே மூன்று முறை எழும்பி அடங்கினால் என்ன? கையை வைத்திருக்கிறவருக்குத் தெரியுமே. எழுதத் தொடங்கிய பிறகுதான் இடித்தது: அந்த நேரத்தில் பலகை இன்னும் ஸ்டுப்ஸின் கைக்கே வந்திருக்காது. யார் என்று கேட்டு, பதில் வந்து, அதன் பிறகுதான் புள்ளி. அதுவரைக்கும் அந்த ஆள் வெற்றுப் பலகையில் கை வைத்துக்கொண்டு, அமுக்கியது சரியா தப்பா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மேக்கில் இன்னும் அந்தக் கேள்வி வேறு நிற்கிறது.

"காப்பி போடவா?" என்று உள்ளிருந்து ஹார்ட்மூட் கேட்டான்.

"போடு" என்றாள். "போட்டுட்டு இங்க வந்து திரையைப் பாரு. ஏதாவது கேட்டுக்கிட்டு நிக்குதா?"